புது மேக்ஸ் மாட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரு பையன் முதல் கார் வாங்கினால், அடுத்த செலவு பெரும்பாலும் மேக்ஸ், அதாவது அலாய் சக்கரம்தான். போலோ விவோவோ பழைய சிட்டி கோல்ஃபோ, இரும்புச் சக்கரத்தோடு அது அதிக நாள் ஓடாது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொருத்தமான சக்கரம் போட்ட கார் பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் மாட்டிய சில நாளிலேயே ஸ்டியரிங் நடுங்குகிறது, மட்கார்டு உரசுகிறது, காற்று இறங்குகிறது என்று தொடங்கும். முதலில் பேலன்சிங், பிறகு அலைன்மென்ட், அதற்கும் மசியாவிட்டால் ஷாக் அப்சார்பர் என்று காசு கரையும். கோளாறோ வேறு இடத்தில் இருக்கும். சக்கரமும், அதைத் தாங்கிச் சுழலும் அச்சு முனையான ஹப்பும் சேரும் அந்தக் கையகல இடத்தில் ஏதோ ஓர் அளவு பொருந்தாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம். எந்த அளவு என்பதைக் கார் தன் அறிகுறியாலேயே சொல்லிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: மில்லிமீட்டரின் பின்னத்தையும் அளக்கும் ஒரு வெர்னியர், இறுக்கத்தை அளந்து கொடுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச், டார்ச் விளக்கு, கம்பி பிரஷ், சோப்பு நீர். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டாதீர்கள்; ஸ்டாண்ட் வையுங்கள்.

“90 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது”

இதுதான் அதிகம் கேட்கிற புகார். மரியன்ஹில் டோல் தாண்டி மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறும்போது கையில் ஒரு கிறுகிறுப்பு. 120க்குப் போனால் சற்று அடங்கும், இறங்கினால் மறுபடி வரும்.

முதலில் நடுக்கம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் அது டிஸ்க் விஷயம். அதற்கும் சக்கரம் மாட்டிய விதத்துக்கும் தொடர்பு இருக்கலாம், நட்டுப் பகுதியில் சொல்கிறேன். சந்தேகம் தீராவிட்டால் முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றி அதே சாலையில் ஓட்டுங்கள். நடுக்கமும் இடம் மாறினால் குற்றம் சக்கரத்தில்.

இனி நடு ஓட்டை. ஒவ்வொரு காரின் ஹப்பிலும் நடுவில் ஒரு வட்ட மேடு இருக்கிறது. போலோ, விவோ, கோல்ஃப் எல்லாவற்றிலும் அதன் விட்டம் 57.1 மி.மீ.; பழைய டொயோட்டா டாஸ், எட்டியோஸ் போன்ற சிறிய டொயோட்டாக்களில் 54.1, 2007க்குப் பிறகு வந்த கொரோலாவில் 60.1. கம்பெனிச் சக்கரத்தின் நடு ஓட்டை இதற்குச் சரியாக இருக்கும், சக்கரம் அந்த மேட்டில் உட்கார்ந்தே மையம் பிடிக்கும். வெளியில் விற்கும் மேக்ஸ் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 என்று விடுகிறார்கள். 73.1க்கும் 57.1க்கும் இடையே உள்ள 16 மி.மீ. வித்தியாசத்தை அடைக்க ஒரு வளையம் வேண்டும். அந்த வளையம் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பி மாட்டினால், சக்கரம் மையத்திலிருந்து ஒரு மயிரிழை விலகி நிற்கும். 185/60 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., சுவர் உயரம் அதில் 60 சதம், ரிம் 15 அங்குலம்) 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 15 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் மயிரிழையும் கையில் அடிக்கும். பேலன்சிங் இயந்திரத்தில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. இயந்திரம் தன்னுடைய கூம்பால் சக்கரத்தைச் சரியாக மையத்தில்தான் பிடிக்கிறது. உங்கள் ஹப்பில்தான் அது விலகி நிற்கிறது. “மூன்று தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு அண்ணா, இன்னும் ஆடுது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வளையத்தைத்தான்.

சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். வளையம் இருக்கிறதா? நான்கிலும் இருக்கிறதா? பஞ்சர் ஒட்டும்போது ஒன்று ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது தரையில் விழுந்து உருண்டுவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். வேறு காருக்கு உரிய வளையம் இருந்தாலும் பயன் இல்லை. வெர்னியரில் உள் விட்டம், வெளி விட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். கையால் அழுத்தினால் சற்று இறுக்கமாக ஏற வேண்டும், ஆடக் கூடாது. பிளாஸ்டிக்கா அலுமினியமா என்றால், தினமும் ஓடும் சிறிய காருக்கு நான் பிளாஸ்டிக்கையே சொல்வேன். கடலோரத்தில் அலுமினிய வளையம் இரும்பு ஹப்போடு உப்புக் காற்றில் கடித்துக்கொள்ளும். பிரேக்கைச் சூடாக்கும் கனமான வண்டிக்கு அலுமினியம். அதில் கடிக்காமல் இருக்க கிரீஸை ஒரு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.

வளையம் சரி, நடுக்கம் போகவில்லை என்றால் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். டர்பன் காற்றில் அங்கே துருப் பொருக்கு கட்டும். ஓர் ஓரத்தில் அரை மில்லி துரு இருந்தாலே சக்கரம் சாய்ந்து நிற்கும். கம்பி பிரஷால் ஹப் முகம், சக்கரத்தின் உள்முகம் இரண்டையும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். மாட்டும்போது சக்கரம் காற்றில் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளைக் கையால், எதிரெதிராக மாற்றி மாற்றி ஏற்றுங்கள்; சக்கரம் உட்கார்ந்த பிறகே வண்டியை இறக்கி முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். சக்கரம் உட்காரும் முன்பே வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கி இறுக்கினால் அது சாய்ந்த நிலையிலேயே இறுகிவிடும்.

அதற்கு அடுத்து ரிம் நெளிவு. சக்கரத்தைத் தூக்கி, ரிம் விளிம்புக்கு அருகே ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். வெளி விளிம்பு நேராக இருக்கும். நெளிவு பெரும்பாலும் உள் விளிம்பில். அங்கேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிந்த ரிம் 60இலேயே தெரியத் தொடங்கும், பேலன்சிங்கால் தீராது. டயர் ரிம்மில் சரியாக அமராததும் இப்படித்தான் ஆடும்: டயரின் அடியில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பேலன்சிங். ஒட்டும் எடைக்கட்டி விழுந்திருந்தால் உள்பக்கம் பசைத் தடம் நீள்சதுரமாகக் காட்டிக்கொடுக்கும்.

“மெதுவாகப் போகும்போது டிக் டிக் என்று சத்தம், நட்டு தளர்ந்திருந்தது”

இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கார் இப்படிச் சத்தம் போடுகிறது என்றால், முதலில் போய் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். ஒரு சக்கரம் கழன்று ஓடினால் அது எதிர்த் தடத்தில் வருகிறவரின் கண்ணாடிக்குத்தான் போகும்.

தளர்ந்ததற்கு அடையாளம்: போல்ட் துளையைச் சுற்றிக் கருப்பு அல்லது துருநிறப் பொடி, நடுவிலிருந்து வெளிநோக்கி வரி வரியாக. அதைத் துடைத்துவிட்டு மறுபடி இறுக்குவது தீர்வு ஆகாது. ஏன் தளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம், போல்ட் இருக்கையின் வடிவம். போல்ட் அல்லது நட்டு சக்கரத்தில் உட்காரும் இடம் மூன்று வகை: 60 டிகிரி கூம்பு, உருண்டை, தட்டை. வெளியில் வாங்கும் மேக்ஸ் பெரும்பாலும் கூம்பு. ஃபோக்ஸ்வேகனின் கம்பெனி போல்ட் உருண்டை. ஹோண்டாவின் கம்பெனி நட்டும் உருண்டை. டொயோட்டாவின் கம்பெனி அலாய்க்கு வாஷரோடு கூடிய தட்டை நட்டு. உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் இறுகியது போலவே இருக்கும், ரெஞ்சும் கிளிக் என்று சொல்லும். ஆனால் அது தொட்டு நிற்பது ஒரு மெல்லிய கோட்டளவுதான். ஓட ஓட அந்தக் கோடு நசுங்கும், இறுக்கம் போய்விடும். விவோவுக்கு மேக்ஸ் மாட்டும்போது கூம்பு போல்ட் செட் ஒன்று சேர்த்தே வாங்குங்கள். கம்பெனி போல்ட்டை வீசிவிடாதீர்கள். டிக்கியில் உள்ள ஸ்டெப்னி இரும்புச் சக்கரத்துக்கு அவைதான் வேண்டும். இரவில் ஹிக்கின்சன் ஹைவேயில் பஞ்சர் ஆகி, கையில் மேக்ஸ் போல்ட் மட்டும் இருந்தால் ஸ்டெப்னியைப் பத்திரமாக மாட்ட முடியாது.

இரண்டாவது, மரையின் அளவு. இன்றைய ஃபோக்ஸ்வேகன் கார்கள் எம்14×1.5, அதாவது விட்டம் 14 மி.மீ., மரைக்கு மரை 1.5 மி.மீ.; பழைய சிட்டி கோல்ஃப் எம்12×1.5. டொயோட்டா கார்கள் எம்12×1.5. சுசுக்கியும் நிசான் கார்கள் பலவும் எம்12×1.25. 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக்கம்பி) போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். அங்கே ஏர் கன்னை வைத்து அழுத்தினால் ஸ்டட் போயிற்று. கையால் ஏறாத நட்டை இயந்திரத்தால் ஏற்றவே கூடாது.

மூன்றாவது, மரை எத்தனை சுற்று பிடிக்கிறது. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது பிடிக்க வேண்டும் என்பது பாதுகாப்பான கணக்கு: எம்12×1.5க்கு 8 முழுச் சுற்று, எம்14×1.5க்கு 9க்கு மேல். புதுச் சக்கரத்தின் முகம் தடித்திருந்தாலோ, நடுவே ஸ்பேசர் செருகியிருந்தாலோ இந்தச் சுற்று குறைந்துவிடும். எண்ணிப் பாருங்கள். அதேபோல் போல்ட் நீளம் மிஞ்சினாலும் ஆபத்து. பின்னால் டிரம் பிரேக் உள்ள காரில் நீண்ட போல்ட்டின் முனை உள்ளே பிரேக் பாகத்தைத் தட்டும். போல்ட்டுகளை இறுக்கியபின் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, சத்தமில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை: பெயின்ட். பழைய மேக்ஸைப் பவுடர் கோட்டிங் செய்து கறுப்பாக்குவது இப்போது வழக்கம். போல்ட் உட்காரும் துளைக்குள்ளும், ஹப்பில் படியும் உள்முகத்திலும் அந்தப் பூச்சு தடிமனாக ஏறியிருந்தால், சூட்டில் அது நசுங்கி மெலியும். இறுக்கமும் அதோடு குறையும். கோட்டிங்குக்குக் கொடுக்கும்போதே அந்த இரண்டு இடத்தையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடித்துவிட்டார்கள் என்றால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

இறுக்கம் எவ்வளவு என்பது காரின் கையேட்டில் இருக்கும். எம்14 போல்ட் உள்ள ஃபோக்ஸ்வேகனின் சிறிய கார்களுக்கு 120 நியூட்டன் மீட்டர், கொரோலாவுக்கு 103. மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். தடவினால் அதே ரெஞ்ச் அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். ஏர் கன்னில் ஒரு நட்டை அளவுக்கு மீறியும் இன்னொன்றைக் குறைத்தும் இறுக்கினால் டிஸ்க் கோணலாகப் பிடிபடும். பிரேக் மிதித்தால் வரும் நடுக்கத்துக்கு அது ஒரு காரணம். புதுச் சக்கரம் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியபின், சூடு ஆறிய நிலையில் மறுபடி ரெஞ்ச் வையுங்கள். கடைக்காரர் இதைச் சொல்லாவிட்டாலும் நீங்கள் செய்யுங்கள்.

“கடைசி போல்ட் மட்டும் நேராக உட்கார மாட்டேன் என்கிறது”

போல்ட் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., பொருந்தவில்லை. விவோவும் போலோவும் 5×100, அதாவது 100 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து துளை. கோல்ஃப் ஐந்தாம் தலைமுறை முதல் 5×112. புதிய கொரோலா 5×114.3. சிட்டி கோல்ஃப், டாஸ், எட்டியோஸ் 4×100. பழைய ஃபியட் 4×98.

100க்கும் 112க்கும் இடையே குழப்பம் வராது, மாட்டவே முடியாது. கேடு விளைவிப்பது கிட்டத்தட்டப் பொருந்துகிறவை: 98ம் 100ம், 112ம் 114.3ம். முதல் இரண்டு மூன்று போல்ட் ஏறிவிடும். கடைசியைச் சாய்த்து இழுத்து இறுக்குவார்கள். அந்த போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து களைத்து, ஒருநாள் ஒடியும்.

நான்கு துளைச் சக்கரத்தில் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு இடையே அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிர்த் துளை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 58.8 மி.மீ. வந்தால் 100, 65.8 வந்தால் 112, 67.2 வந்தால் 114.3. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 1.4 மி.மீ.தான். டேப்பால் அளக்காதீர்கள், வெர்னியர் எடுங்கள். பல சக்கரங்களில் இந்த எண் பின்புறமே வார்த்திருக்கும்.

“திருப்பினால் உரசுகிறது, ஆள் ஏறினால் உரசுகிறது”

இரண்டும் ஒரே புகார் மாதிரி தெரிந்தாலும் காரணம் வேறு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளே உரசினால் சக்கரம் உள்பக்கம் அதிகம் போய்விட்டது. பின்னால் ஆள் ஏறி, சாலை மேட்டில் இறங்கும்போது மட்கார்டின் ஓரம் டயரைச் சீவினால் வெளிப்பக்கம் அதிகம் வந்துவிட்டது.

இதை வாங்கும் முன்பே தாளில் கணக்குப் போட்டுவிடலாம். சக்கரத்தின் அகலம் ஜே என்ற எழுத்தோடு அங்குலத்தில் எழுதியிருக்கும். ஈ.டி. என்பது சக்கரத்தின் அகல மையத்துக்கும் ஹப்பில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். உங்கள் கம்பெனிச் சக்கரம் 6 ஜே, ஈ.டி. 40 என்று வையுங்கள். கடையில் காட்டுவது 7.5 ஜே, ஈ.டி. 35. அகலம் ஒன்றரை அங்குலம் கூடியது, அதாவது 38 மி.மீ.; அதில் பாதி 19 உள்ளே, 19 வெளியே. ஈ.டி. 5 குறைந்ததால் முழுச் சக்கரமும் 5 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளியே 24, உள்ளே 14. இப்போது இருக்கும் சக்கரத்தோடு மட்கார்டு ஓரத்துக்கும், உள்ளே ஷாக் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்தால் விடை உங்கள் கையில். உள்ளே ஷாக் தூணுக்கு 5 மி.மீ.க்குக் குறைவாக எனக்கு ஒப்புதல் இல்லை.

வெறும் காரை வைத்துச் சோதிப்பதில் பொருள் இல்லை. புனித வெள்ளி அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புகிற காரை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் மூன்று பேர், டிக்கியில் பூசைச் சாமான், சாப்பாட்டுப் பாத்திரம். அந்தப் பாரத்தில் உரசாமல் போக வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காருக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஸ்பிரிங்கை வெட்டுவதே தவறு. தாழ்த்தித்தான் தீர வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த ஸ்பிரிங் வாங்குங்கள்.

மட்கார்டு ஓரத்தைச் சுத்தியால் மடக்குவதையும் பார்க்கிறேன். பெயின்ட் வெடித்த இடத்தில் கடல் காற்று துருவை ஏற்றிவிடும். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், காரை விற்கும் நாளில் ரோட்வொர்தி என்ற ஓடும் தகுதிச் சோதனையிலும் தகராறு. அகலத்தை அரை அங்குலம் குறைத்து, கம்பெனி ஈ.டி.க்கு அருகிலேயே வாங்குவதுதான் எல்லாவற்றையும்விட மலிவான வழி.

“பள்ளத்தில் விழுந்த பிறகு காற்று நிற்கவில்லை”

குவாசுலு-நட்டாலில் மழைக்குப் பின் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாலங்களே போயின. அது இல்லாத ஆண்டிலும் ஒவ்வொரு கோடை மழையும் புதுப் பள்ளங்களைத் தோண்டிவிட்டுப் போகும். நீர் நிறைந்த பள்ளத்தின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

டயரின் சுவர் உயரம்தான் ரிம்முக்குக் காவல். 185/60 ஆர்15இல் அது 111 மி.மீ. 215/35 ஆர்17இல் 75. விவோவில் 17 அங்குலம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 36 மி.மீ. இழப்பு பள்ளத்தில் விழும்போது ரிம்மில் நேராக அடிக்கும். இந்த ஊர்ச் சாலைக்கு என் தீர்ப்பு 15, அதிகம் போனால் 16. பதினேழு போடுகிறவர் நெளிந்த ரிம்மை நேராக்கும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காற்று எங்கே போகிறது என்று தேட, சோப்பு நீரை வால்வின் அடி, இரண்டு பக்க விளிம்பு, டயர் முகம் என்று வரிசையாக ஊற்றுங்கள். இவற்றில் குமிழி வராவிட்டால் சக்கரத்தைக் கழற்றி உள் உருளையில் ஊற்றுங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். உள் விளிம்பில் சிறு நெளிவு என்றால் அதற்கான இயந்திரத்தில் நேராக்கலாம். நெருப்பால் சூடுகாட்டி அடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஸ்போக்கிலோ போல்ட் துளை அருகிலோ விரிசல் என்றால் அந்தச் சக்கரத்தின் ஆயுள் முடிந்தது. உள் உருளை விரிசலை வெல்டு செய்து தருகிறார்கள். என் குடும்பம் ஏறும் காரில் அதை நான் மாட்ட மாட்டேன். வெப்பப் பதம் கொடுத்த அலுமினியம் வெல்டு பக்கத்தில் பலம் இழந்துவிடும். டயரின் சுவரில் கொப்புளம் கண்டால் உள் நூல் அறுந்துவிட்டது. டயரை மாற்றுங்கள், ஒட்டுப்போட முடியாது.

இங்கே டயரின் பார எண்ணையும் பாருங்கள். கம்பெனி டயர் 84 என்றால் ஒரு சக்கரம் 500 கிலோ தாங்கும். மாற்றாகப் போடும் சாதாரண 205/45 ஆர்16 பெரும்பாலும் 83, அதாவது 487 கிலோ. சிறிய வித்தியாசம்போலத் தெரியும், ஆனால் கீழே போகக் கூடாது. அதே அளவில் 87 எண் கொண்ட, கூடுதல் பாரம் தாங்கும் எக்ஸ்எல் டயர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காற்றும் சற்றுக் கூட வேண்டும். பெட்ரோல் கராஜில் காற்றடிக்கும் தம்பியிடம் பழக்கத்தில் “ரெண்டு பார்” என்று சொல்லிவிடாதீர்கள்.

“ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது”

டயரின் முழு விட்டம் மாறிவிட்டது. அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 185/60 ஆர்15 என்றால் 603 மி.மீ. 215/40 ஆர்17 என்றால் 604, பொருந்துகிறது. 215/45 ஆர்17 என்றால் 625, கிட்டத்தட்ட 4 சதம் பெரிது: மீட்டர் 120 காட்டும்போது கார் 124க்கு மேல் போகும். வேகக் கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது. 2 சதத்துக்குள் நிறுத்துங்கள். கோல்ஃபுக்கு 195/65 ஆர்15, 205/55 ஆர்16, 225/45 ஆர்17 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விட்டம்.

“பிரேக் பக்கத்தில் சீவுகிற சத்தம்”

ஸ்போக்கின் உள்பக்கம் பிரேக் டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரைத் தொடுகிறது, அல்லது உள்ளே ஒட்டிய எடைக்கட்டி தொடுகிறது. காலிப்பரில் ஒரு பளபளப்பான கீறல் காட்டிக்கொடுக்கும். எடைக்கட்டி என்றால் வேறு இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்போக் என்றால் அந்தச் சக்கரம் உங்கள் காருக்கு இல்லை. ரிம் அங்குலம் ஒன்றாக இருந்தாலும் ஸ்போக்கின் வளைவு வேறு வேறு. ஆகவே வாங்கும் முன் டயர் இல்லாத வெறும் சக்கரத்தை முன் ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

“சாலைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறது”, “உறுமல் சத்தம்”

அகல டயரும் குறைந்த ஈ.டி.யும் சேர்ந்தால், லாரிகள் அழுத்திய தடத்தில் கார் தானாக இழுபடும். என்3 இடது தடத்தில் இது நன்றாகத் தெரியும். காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, அலைன்மென்ட் பாருங்கள். இந்த அறிகுறிக்கு அது உதவும். முழுதாகப் போகாது. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங்கில் நெம்பு விசை கூடுகிறது. வேகத்தோடு ஏறுகிற உறுமல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் பேரிங் தேய்ந்துவிட்டது.

பக்கி, அதாவது பிக்கப் வண்டிக்காரர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். நம் ஊர் ப்ராஸ்பெக்டன் ஆலையிலேயே தயாராகும் ஹைலக்ஸ் 6×139.7, ஹப் 106 மி.மீ. அதற்குப் பூஜ்யம் அல்லது அதற்கும் கீழே ஈ.டி. உள்ள சக்கரம் போட்டு அகலப்படுத்துவார்கள். காட்சிக்கு மட்டும் என்றால் ஒருவேளை பரவாயில்லை. செங்கல், சிமென்ட் ஏற்றும் பக்கிக்கு வேண்டாம். சக்கரத்தின் பின்புறம் வார்த்திருக்கும் பார அளவைப் படியுங்கள். வண்டித் தகட்டில் உள்ள பின் அச்சின் அனுமதிப் பாரத்தில் பாதிக்கு மேல் அது இருக்க வேண்டும். எண்ணே இல்லாத சக்கரத்தை விட்டுவிடுங்கள்.

“வெள்ளைப் பூஞ்சை போல் பூக்கிறது, சக்கரம் கழன்று வர மறுக்கிறது”

கடலோர ஊரின் நோய் இது. கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடத்தில் உப்பு நுழைந்து அலுமினியம் பூக்கும். டயர் அமரும் விளிம்பில் பூத்தால் காற்றும் கசியும். வாரம் ஒருமுறை சாதா நீரால் உள்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள். அமில கிளீனர் வேண்டாம். ஹப்பில் கடித்த சக்கரத்துக்கு: போல்ட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து ஒரு காரின் நீளம் மட்டும் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். மறுபடி மாட்டும் முன் ஹப் மேட்டில் மட்டும் செம்பு கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. மரையிலும் போல்ட் இருக்கையிலும் படக் கூடாது.

மேக்ஸ் திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு போடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மேக்ஸைத் தனியாக, ரசீதோடு எழுதிக் கொடுங்கள். கம்பெனிச் சக்கரம் என்றே அவர்கள் கணக்கில் இருந்தால் நஷ்ட ஈடு தகராறாகும். லாக் நட்டின் சாவியை டயர் கடையில் வாங்க மறப்பது சாதாரணம். வேலை முடிந்து கிளம்பும் முன் அதைக் கையில் வாங்கி, ஸ்டெப்னியோடு இருக்கும் ஜாக் பையில், கம்பெனி போல்ட்டுகளின் கூடவே போடுங்கள். அதன் பின்புறம் உள்ள எண்ணை வீட்டில் காரின் பத்திரங்களோடு எழுதி வையுங்கள். தொலைந்தால் அந்த எண்ணைக் காட்டித்தான் இன்னொரு சாவி கேட்க முடியும்.